இணைப்பில் கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு

மேரியன் கேப், பென்சில்வேனியா
ஏப்ரல் 29

1. நான், எமெரிக் ஹுடாக், வயது அறுபத்தொன்று, மேற்படி ஊரில் சீடர் தெருவில் குடியிருப்பவன், பத்திரம், உயில், எல்லைத் தகராறு ஆகியவற்றைக் கவனிக்கும் வழக்கறிஞன், உனக்கும் உன் தங்கை கொலெட்டுக்கும் தகப்பன்.

2. இதைத் தெளிந்த நினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதுகிறேன். (உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டு, "வற்புறுத்தல் இல்லையா? நல்லா யோசிச்சு எழுது, எமெரிக்" என்கிறாள். ஓரளவு வற்புறுத்தல் உண்டு என்று திருத்திக்கொள்கிறேன்.)

3. இதில் ஒரு பகுதி, வழக்கம்போல நான் உனக்கு எழுதும் குடும்பக் கடிதம். இன்னொரு பகுதி, கொலெட் கேட்டுக்கொண்டதன்பேரில், அவளுடைய அண்ணனாகிய உனக்கு முன்னால் நான் கொடுக்கும் உறுதிமொழி. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். அவை பிரிய மறுக்கின்றன.

அன்புள்ள டேமியன்,

சுகம் என்பது உடலைப் பற்றியது மட்டும் என்று வைத்துக்கொண்டால் இங்கே நாங்கள் மூவரும் சுகமாகவே இருக்கிறோம், அந்த வடகோடிக் கடற்கரைக் கிராமத்தில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் குளிருக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்து நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தபால் விமானம் மூடுபனி விலகினால்தான் இறங்கும் என்று நீ எழுதியிருந்ததால், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இதில் சொல்லப்பட்ட சங்கதி முடிந்து போயிருக்கும் என்பதை அறிந்தே எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் தேவலை, ஆனாலும் தேவாலயத்தின் அடித்தளத்தில் மணிக்கணக்காக நின்று மற்றப் பெண்களோடு சேர்ந்து பியரோகிக் கொழுக்கட்டை மடிப்பதை அவள் விடுவதாக இல்லை. வீட்டைச் சூடாக்கும் கொதிகலனை மாற்றியாகிவிட்டது. மேல்வீட்டு ரேமண்ட் பைலா, தான் பனி வாரிச் சுத்தம் செய்த இடத்தில் வண்டி நிறுத்தும் உரிமை தனக்கே என்று காட்டுவதற்குத் தெருவில் போட்ட சமையலறை நாற்காலியை ஏப்ரல் மாதம் முடியப்போகும் இந்த நாள்வரை எடுக்கவில்லை, பனியே இல்லையே என்று கேட்டால் "உரிமைக்கு எதுக்குய்யா பனி?" என்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொலெட் வானிலைப் படிப்புத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பது உனக்குத் தெரியும், சென்ற கோடையில் இடி மின்னலின்போது தபால் நிலையத்துக் கூரைமேல் ஏறி நின்று காவலர் வந்து இறக்கிவிட்டதும் தெரிந்திருக்கும். அந்தப் படிப்பு நம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகத்தில் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் இந்த மாநிலத்தில் பிறந்து வளர்ந்து வரி கட்டிய குடும்பத்திடம் அவர்கள் கேட்கும் கட்டணம், கடன் வாங்காமல் நாங்கள் கொடுக்கக்கூடியது அன்று. கடன் வாங்கிப் படிக்க மாட்டேன் என்று கொலெட் முதலிலேயே சொல்லிவிட்டாள், நீ உன் கடனை அடைத்து முடிக்க எங்கே போய் வேலை பார்க்கிறாய் என்பதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். ஆகவே சென்ற செப்டம்பரிலிருந்து அவளும் அம்மாவும் சமையலறை மேசையில் நாட்டின் வரைபடத்தை விரித்துவைத்து மற்ற மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். நான் முதலில் இதை நம்பவில்லை, சொந்த மாநிலத்தவருக்கே இவ்வளவு என்றால் வெளிமாநிலத்தவருக்கு இரண்டு மடங்கு என்று அச்சிலேயே போட்டிருக்கிறார்கள், அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் தேடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அது அச்சடிச்ச விலை, எமெரிக். அந்த விலைக்கு யாரு வாங்குறா? சோபா வாங்குறப்போ கடைக்காரன் சீட்டுல இருந்ததையா குடுத்தோம்?" என்றாள்.

இங்கேதான் என் குழப்பம் தொடங்கியது, அது இன்னும் முடியவில்லை. என் தொழிலில் பத்திரத்தில் எழுதிய தொகைதான் தொகை. இவர்களோ ஒரு தொகையை அச்சிடுகிறார்கள், பிறகு பள்ளி மதிப்பெண்ணையும் தேர்வு மதிப்பெண்ணையும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு, உன் பிள்ளை இந்தக் கட்டத்தில் விழுந்தால் இவ்வளவு தள்ளுபடி, அடுத்த கட்டத்தில் விழுந்தால் உள்ளூர்க்காரர் கட்டும் அதே கட்டணம் என்கிறார்கள், அதற்கு ஏழ்மையை நிரூபிக்க வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை, தகுதி உதவித்தொகை என்று அதற்குப் பெயர். சில மாநிலங்கள் தங்கள் பக்கத்து மாநிலங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு அங்கிருந்து வருபவர்களுக்குக் குறைக்கின்றன, நம் மாநிலம் அவள் பார்த்த அந்த உடன்படிக்கைகள் ஒன்றிலும் இல்லை. தெற்கே ஓரிடத்தில் கொலெட்டின் மதிப்பெண்ணுக்கு அநேகமாக எல்லாமே இலவசம், ஆனால் வானிலைப் படிப்பு இல்லை. மலைப்பக்கம் ஓரிடத்தில் படிப்பு இருக்கிறது, உதவித்தொகைக்கு டிசம்பர் முதல் தேதிக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டுமாம், அதை நாங்கள் ஜனவரியில் தெரிந்துகொண்டோம். கொலெட் பள்ளி விட்டு வந்ததும் அலுவலகம் அலுவலகமாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நான் என்ன செலவாகும்னு கேக்கல மேடம், என்கிட்ட என்ன வாங்குவீங்கன்னு கேக்குறேன்" என்று பேசுவதைக் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன், குறுக்கு விசாரணையில் நான்கூட அவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

அப்படித்தான் வட டகோட்டாவில் ரெட் வில்லோ என்ற ஊரின் பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்தாள். மார்ச் மாத நடுவில் அங்கிருந்து கடிதம் வந்தது. வெளிமாநிலக் கட்டணத்துக்கும் உள்மாநிலக் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் நான்கு ஆண்டுகளுக்குத் தள்ளுபடி செய்து, அதற்குமேல் விடுதிச் செலவிலும் ஒரு பங்கு தருகிறோம் என்று இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார்கள். எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், கடன் இல்லாமல் எங்களால் முடிகிற தொகைக்குள் அது அடங்கியது, வேறு எந்த வானிலைப் படிப்பும் அடங்கவில்லை. கொலெட் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கேட்டது ஒரு கேள்விதான், ஏன் கொடுக்கிறார்கள் என்று. நம்மை அவர்கள் கண்டதில்லை, நாம் அவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை, பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் நிற்காது என்பது நான் சட்டக் கல்லூரியில் முதல் மாதத்தில் படித்தது. அம்மா, "அங்க படிக்கப் பிள்ளைங்க இல்லைங்கறேன். தீயணைப்பு நிலையத்துல நிதிக்காக வெள்ளிக்கிழமை மீன் பொரிச்சு விக்கிறப்போ கூட்டம் வரலைன்னா எட்டு மணிக்கு மேல பாதி விலைக்குக் குடுக்கறாங்களே, அதுல நீ என்ன பிரதிபலனைக் கண்டே? சாப்பிட்டுட்டுத்தானே வந்தே?" என்றாள். அது சரியான விளக்கமாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் என் மனம் அதில் உட்காரவில்லை.

அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. நிதி நிலைமையைப் பொறுத்து இந்த உதவித்தொகையின் விதிகளைப் பல்கலைக்கழகம் மாற்றலாம் என்பது அதன் சாரம். டேமியன், முப்பத்து நான்கு ஆண்டுகளாக அப்படிப்பட்ட ஒரு வாக்கியத்தைக் கண்ட இடத்திலெல்லாம் அதற்கு எதிராக ஒரு வாக்கியம் எழுதுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். கொலெட் ஏற்புத்தாளில் கையெழுத்திட்டு உறையில் வைத்து, நான் நீதிமன்றம் போகும் வழியில் தபாலில் போடும்படி என்னிடம் கொடுத்தாள், உறை ஒட்டப்படவில்லை. நான் அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், என் பெயர் பொறித்த தாளில் ஓர் இணைப்பைத் தயாரித்தேன். நான்கு ஆண்டுகளுக்குள் மாணவிக்குப் பாதகமாக எந்த மாற்றமும் அவளுடைய எழுத்து மூலமான சம்மதமின்றிச் செய்யப்படலாகாது என்பது முதல் பத்தி. நோய்வாய்ப்பட்டு மதிப்பெண் குறைந்தால் ஒரு பருவம் தவணை என்பது அடுத்தது. இப்படிப் பல பத்திகள், ஒவ்வொன்றும் நியாயமானது, இன்றைக்கும் நான் அவற்றில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். பிறகு ஏற்புத்தாளில், அவளுடைய கையெழுத்துக்கு மேலே, இணைப்பில் கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு என்று எழுதி, என் சுருக்கொப்பம் இட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். நம் மாவட்ட நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்கு இப்படி ஓர் இணைப்பு அனுப்பினால் அவர்கள் அதில் பாதியை அடித்துத் திருப்பி அனுப்புவார்கள், மீதிப் பாதி நமக்கு நிற்கும், இருதரப்பும் மதிய உணவுக்குப் போவோம். அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன். கொலெட்டிடம் சொல்லவில்லை. நல்ல செய்தி வந்தபிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கொலெட்டின் மின்னஞ்சலுக்கு நான்கு வரியில் பதில் வந்தது. தாங்கள் உதவித்தொகையை ஏற்காதது குறித்து வருந்துகிறோம், அது வரிசையில் அடுத்து இருந்த மாணவருக்கு வழங்கப்பட்டுவிட்டது, தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று இருந்தது. அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். கத்தவில்லை, அழவில்லை. திரையில் அவர்கள் அனுப்பியிருந்த தாளின் நகலைப் பெரிதாக்கிக் காட்டி, "அப்பா, 'உட்பட்டு'ன்னா என்ன?" என்று கேட்டாள். நான் விளக்கத் தொடங்கினேன். ஒரு முன்மொழிவை மாற்றங்களோடு ஏற்பது ஏற்பாகாது, அது மறுப்பும் புதிய முன்மொழிவும் ஆகும் என்று எத்தனை கட்சிக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேனோ அதே சொற்களை என் வாயே சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், பாதியில் நிறுத்தினேன். "அப்போ நான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன். என் கையெழுத்துல" என்றாள். முட்டை கருகியது. "பேரம் பேசறதுக்கு அவங்க என்ன நம்ம வேலியைத் தள்ளிப் போட்ட பக்கத்து வீட்டுக்காரங்களா? ஒரே கேள்வி கேட்டாங்கப்பா. வரியா, வரலையா. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அம்மா அன்றைக்கு என்னோடு பேசியதெல்லாம், "அந்தச் சட்டியை ஊறப் போடு" என்பதுதான்.

நான் அலுவலகத்துக்குப் போய் உடனே ரெட் வில்லோவுக்குத் தொலைபேசி செய்தேன். உதவித்தொகைப் பிரிவில் திருமதி இங்க்ரிட் ஹோவ்லண்ட் என்பவர் எடுத்தார், மிக இனிமையான குரல். விஷயத்தைச் சொன்னேன். "மன்னிக்கணும் சார், அந்தப் பேர்ல எங்ககிட்ட ஒரு மாணவி இருக்காங்களா இல்லையான்னுகூட நான் உங்ககிட்டச் சொல்லக் கூடாது. பதினெட்டு ஆயிட்டா அவங்க எழுதிக் குடுக்காம பெத்தவங்ககிட்டப் பேச முடியாது" என்றார். நான் அந்த விதியை அறிவேன், சரியான விதி. ஆனால் நான் கேட்பது என் மகளைப் பற்றி அன்று, நான் எழுதிய இணைப்பைப் பற்றி என்றேன். "அப்படி ஒரு இணைப்பு வந்துச்சா இல்லையான்னும் சொல்ல முடியாதுங்க" என்றார். வந்தது, நான்தான் அனுப்பினேன், பதிவுத் தபால் சீட்டு என் கையில் இருக்கிறது என்றேன். "ரொம்ப நல்லதுங்க, பத்திரமா வெச்சுக்கோங்க" என்றார். பிறகு அவராகவே, "இங்க இன்னும் பனி உருகல, உங்க பக்கம் எப்படி?" என்று கேட்டார். நான் நம் ஊர்ப் பனி, ரேமண்ட் பைலாவின் நாற்காலி ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொன்னேன். என் தொழில் வாழ்க்கையில் நான் நடத்திய மிக நீண்ட, மிக மரியாதையான, ஒன்றுக்கும் உதவாத உரையாடல் அது. வைக்கும்போது அவர், "பொதுவாச் சொல்றேன், யாரைப் பத்தியும் இல்ல. பிள்ளைங்க தானே கூப்பிட்டாங்கன்னா நாங்க பேசுவோம்" என்றார்.

கொலெட் எனக்கு முன்பே, பள்ளி வாகன நிறுத்தத்தில் அம்மாவின் காரில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். அந்த இடம் போனது போனதுதான். ஆனால் வேறு மாணவர்கள் திருப்பிவிட்ட உதவித்தொகைகளைப் பங்கிட ஒரு குழு இன்னொரு முறை கூடும், அதற்குத் தன் கைப்பட ஒரு பக்கம் எழுது, இணைப்பு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதினாள், எனக்குக் காட்டவில்லை. என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த நிபந்தனைகள் அவளுடையவை அல்ல, அவள் சார்பில் எழுத எனக்கு அதிகாரமும் இல்லை என்று என் கையெழுத்தில் ஒரு வரி. ஒரு வரி, டேமியன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்தேன். முதல் வரைவில் சூழ்நிலையை விளக்கியிருந்தேன். அடுத்ததில் விளக்கத்தை எடுத்துவிட்டு, என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் என்று தொடங்கியிருந்தேன். கொலெட் அதைப் படித்து, "உங்களுக்கு இதுல என்னப்பா உரிமை?" என்று கேட்டாள், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், நானும் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். அடுத்ததும் சரிவரவில்லை. அம்மா ஹலுஷ்கியைத் தட்டில் வைத்துவிட்டு, முட்டைக்கோசும் ஆறி மாவும் ஆறி எல்லாம் ஆறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "எமெரிக், உயில் எழுதச் சொல்லல. ஒரு வரி" என்றாள். கடைசியில் கொலெட் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் கொலெட்டின் வழக்கறிஞர் அல்ல, அவளுடைய அப்பா, நான் சேர்த்த சொற்களைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அவ்வளவுதான். கையெழுத்திட்டுக் கொடுத்தேன், அவள் அதை என் கண்முன்னாலேயே உறையில் வைத்து ஒட்டினாள்.

சென்ற வெள்ளிக்கிழமை பதில் வந்தது. கட்டண வேறுபாடு முழுவதையும் தருகிறார்கள், விடுதிப் பங்கையும் தருகிறார்கள், ஆனால் ஓராண்டுக்கு மட்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் மதிப்பெண்ணையும் அவர்கள் கையிருப்பையும் பார்த்து அடுத்த ஆண்டுக்கு நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் போகலாம். நான்கு ஆண்டுக்கு உறுதி இருந்த இடத்தில் இன்னும் உறுதி கேட்கப்போய், உறுதியே இல்லாத ஒன்றை என் மகளுக்குச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறேன். மற்றொரு வழி, நம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகம், வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம், அங்கே இரண்டு ஆண்டு பொதுப்பாடங்களை வீட்டிலிருந்தே கடனில்லாமல் படிக்கலாம். அதன்பின் வானிலைக்காகப் பெரிய வளாகத்துக்குப் போனால் அங்கே கடைசி இரண்டு ஆண்டுக்குக் கடன் வாங்காமல் தீராது, அல்லது வானிலையை விட்டுவிட்டுக் கிளையிலேயே கிடைக்கிற ஒன்றைப் படித்து முடிக்க வேண்டும். இரண்டு இடத்துக்கும் மே முதல் தேதிதான் கடைசி நாள், அது நாளை மறுநாள். எதற்கு ஒப்புக்கொண்டாள், அல்லது ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்பதைக் கொலெட் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டேன், "தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன், தெரியாட்டியும் சொல்ல மாட்டேன்" என்றாள், நல்ல சாட்சி.

உனக்கு நான் எழுத நினைத்தது இதுதான், மேலே எழுதியதெல்லாம் இதற்கு முன்னுரை. எச்சரிக்கையானவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடிய ஆலோசனை கிளை வளாகம்தான். ஓராண்டு வாக்குறுதியை நம்பி ஒரு பெண்ணை ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் அனுப்பச் சொல்லி எந்தக் கட்சிக்காரருக்கும் நான் அறிவுரை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆலோசனையை மனத்துக்குள் எழுதிப் பார்க்கும்போதெல்லாம், அதைச் சொல்வது வழக்கறிஞனா, மாலையில் ஆறு மணிக்கு அந்தப் பெண் கதவைத் திறந்து செருப்பை மூலைக்கொன்றாக எறியும் சத்தத்தைக் கேட்டே பழகிப்போனவனா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. இன்னும் ஒரு படி உள்ளே போனால், அந்த இணைப்பை எழுதியபோதே, எதிர்த்தரப்பு மறுத்துவிடும் என்பதை முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம் உள்ள ஒருவன் அறியாமலா எழுதினான் என்ற கேள்வி வருகிறது. கூண்டில் ஏற்றி என்னை இதைக் கேட்டால், அவளைப் பாதுகாக்கவே எழுதினேன் என்று சத்தியம் செய்வேன், அது பொய்ச்சாட்சி ஆகாது. அது முழு உண்மையா என்று கேட்டால், தெரியவில்லை என்பேன். நீ இந்த வீட்டை விட்டுப் போனபோது உன் வாடகைப் பத்திரத்தில்கூட நான் பிழை கண்டேன் என்று அம்மா நினைவுபடுத்துகிறாள். அதில் பிழை இருந்தது. இருந்தாலும் அவள் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது.

ஆகவே உறுதிமொழி. கொலெட் கையெழுத்திட்ட, அல்லது இனிமேல் கையெழுத்திடப்போகும் எந்தத் தாளிலும் நான் ஒரு சொல்லையும் சேர்க்க மாட்டேன், நீக்க மாட்டேன், ஓரத்தில் குறி இட மாட்டேன். அவள் கேட்டாலொழிய அவளுக்காக எந்த அலுவலகத்தையும் கூப்பிட மாட்டேன். மே முதல் தேதி கழியும்வரை எந்த இடம் என்று அவளிடம் கேட்க மாட்டேன், எந்த இடமானாலும் ஆகஸ்டில் பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைப்பேன், ஓராண்டுக்குப் பிறகு பணம் நின்றுபோனால் இதைத்தான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கடைசி வாசகம் அம்மா சேர்க்கச் சொன்னது. எந்த இடம் என்பதைக் கொலெட் உன்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கக் கூடும், உன்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்வாள். உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது என் உறுதிமொழியை மீறியதாகுமா என்பது மேற்கண்ட வாசகத்தில் தெளிவாக இல்லை. அந்தச் சந்தேகத்தின் பலனை அவளுக்கே கொடுக்கிறேன், ஆகவே எழுதிவிடாதே.

நீ நல்ல உடம்போடும் மன நிறைவோடும் இருக்க வேண்டும், உன் வகுப்புப் பிள்ளைகள் உன்னைப் படுத்தும் பாட்டுக்கு நடுவிலும் உனக்குச் சிரிப்பு வர வேண்டும், உன் வேலையும் வாழ்வும் மேலும் மேலும் தழைக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு உன் தலைமேல் கை வைத்ததாக நினைத்து ஆசீர்வதிக்கிறேன். உன் குடிலில் அடுப்புப் புகைக்கு எச்சரிக்கும் கருவியில் மின்கலத்தை மாற்று, மாற்றினேன் என்று சென்ற கடிதத்திலும் சொல்லவில்லை. அம்மா கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள், வந்தால் அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது, எனக்கு எழுதும் கடிதத்தின் அடியில் அவளை விசாரித்தால் அது கணக்கில் சேராதாம். இந்தக் கடிதத்துக்கு அம்மா சாட்சிக் கையெழுத்துப் போடுகிறாள். கொலெட்டும் போடுவேன் என்கிறாள். விஷயத்தில் சம்பந்தப்பட்டவரே சாட்சியாக நிற்பது வழக்கமில்லை என்றேன், "இது லெட்டர்பா, கோர்ட் இல்ல, பேனாவைக் குடுங்க" என்றாள். சாட்சி என்றால் பெயருக்குப் பக்கத்தில் குடியிருக்கும் இடத்தையும் எழுத வேண்டும் என்று மட்டும் இருவருக்கும் சொல்லிப் பேனாவைக் கொடுத்துவிட்டேன்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
எமெரிக் ஹுடாக்

சாட்சிகள்:

1. ஜெனிவீவ் ஹுடாக், சீடர் தெரு, மேரியன் கேப், பென்சில்வேனியா.

2. கொலெட் ஹுடாக், ரெட் வில்லோ, வட டகோட்டா.